படியெடுக்கும் பணியாளன்

கல்லில் பொறித்தது அழியாது என்பர். ஆயினும் கல்லுக்கும் ஒரு நாள் இடையூறு நேர்வதுண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்று முதலாம் இராசராசனது 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணை பிறந்தது. அவ்விமானத்தின் சுவர்களிலோ முன்னோர் பொறித்த கல்வெட்டுகள் இருந்தன. சுவரைப் பிரித்தால் கற்கள் இடம் மாறும், எழுத்துச் சிதையும், கோயிலுக்கு உரிமையானவை எவை என்பதற்குச் சான்று இல்லாமற் போகும். ஆதலின், பிரிப்பதற்கு முன்பே அக்கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டது. விமானம் எழுந்தபின், இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில், புத்தகத்தில் இருந்தவை மீண்டும் கல்லேறின. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் கழிந்திருந்தன.

இச்செய்தியில் கருதத்தக்கவை இரண்டு. இழப்பு நேர்வதற்கு முன்பே படி எடுக்கப்பட்டது என்பது ஒன்று. எடுத்த படி மீண்டும் கல்லில் ஏறியது என்பது மற்றொன்று. முன்னதை எல்லாரும் எளிதில் உணர்வர். பின்னதைப் பெரும்பாலோர் மறந்துவிடுவர். கணிப்பொறியிலுள்ள செய்திகளைக் காக்கும் முறையை ஆராயுமிடத்து இப்பின்னதே பெருஞ்சிக்கலாக நிற்கக் காணலாம்.

இக்காலத்து இல்லங்களில் பழைய பத்திரப் பெட்டியின் இடத்தைக் கணிப்பொறி பற்றிக்கொண்டது. பாட்டனாரின் திருமணப் படம், வீட்டுப் பத்திரத்தின் ஒளிப்படி, தந்தையார் மாதந்தோறும் எழுதிவரும் வரவுசெலவுக் கணக்கு, மகள் ஈராண்டாகத் திரட்டிய பறவைக் குறிப்புகள் ஆகிய யாவும் உள்ளங்கையளவினதாகிய ஒரு வன்தட்டில் அடங்கிவிடுகின்றன. கடைகளில் ஹார்டு டிஸ்க் என்று கேட்டு வாங்கப்படுவது இதுவே. இதனுள் உள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்வன. எழுத்தைப் படிக்கும் முனை, தலைமயிரினும் மிக நுண்ணிய இடைவெளியில், தட்டைத் தொடாமல் மேலே மிதந்து செல்லும். அது தட்டில் உராய்ந்துவிட்டால் அவ்விடத்துச் செய்திகள் போயின என்றே கொள்ளவேண்டும். சுழலும் உறுப்பு இல்லாத புதுவகைச் சேமிப்பிகளோ செய்திகளை மின்னூட்டமாகத் தாங்கி நிற்பன. அவை கீழே விழுந்தாலும் எளிதில் கெடா. ஆனால் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரையறை அவற்றுக்கு உண்டு. ஓசையேதும் எழுப்பாமல் ஒருநாள் திடீரென ஓய்ந்துபோவதும் உண்டு.

கருவியின் பழுது ஒருபுறம் இருக்க, திருட்டு, வெள்ளம், இடி மின்னலால் எழும் மின்பாய்ச்சல் ஆகியனவும் உள. கோப்புகளையெல்லாம் மறைமொழியாக்கி, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீநிரல்களும் உள. இவை எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது உரியவனது கையே. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ‘ஆர்எம்’ என்றொரு கட்டளை உண்டு. கோப்புகளை நீக்குவது அதன் தொழில். முனையத்தில் அதனை இட்டால், நீக்கிய கோப்பு குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை, சென்றது சென்றதே. ஓர் இடைவெளியைத் தவறான இடத்தில் தட்டிவிட்டதனால் பல ஆண்டு உழைப்பை இழந்தவர் உலகில் பலர்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மாற்று, வேறொரு தட்டில் படி எடுத்து வைப்பது. இதனைக் காப்புப்படி என்பர். இதை அறியாதவர் இல்லை. ஒழுங்காகச் செய்பவரே அரியர். புதிய வன்தட்டு வாங்கிய வாரத்தில் நாள்தோறும் படியெடுப்பர். அடுத்த மாதத்தில் அது வாரத்துக்கு ஒருமுறையாகும். தேர்வோ திருமணமோ குறுக்கிட்டால் தட்டு அலமாரிக்குள் சென்றுவிடும். கணிப்பொறி பழுதாகும் நாளில் எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள படி ஐந்து திங்களுக்கு முற்பட்டதாய் இருக்கும். இதைச் சோம்பல் என்று பழித்தல் பொருந்தாது. பயன் தெரியாத ஒரு வேலையை, ஒவ்வொரு நாளும், அதே கவனத்தோடு செய்வது மனித இயல்புக்கு ஒத்ததன்று. ஆதலின் அவ்வேலையைப் பொறியிடமே ஒப்படைக்கும் எண்ணம் தொடக்கத்திலேயே எழுந்தது.

1963-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஐபிஎம் 7094 என்ற பெருங்கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ந்துவந்தனர். பலர் ஒரே பொறியைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்கு வழி காண்பதே அவர்கள் நோக்கம். யாரும் ஏவாமலே பின்புலத்தில் ஓயாது உழைக்கும் நிரல்களுக்கு அவர்கள் ‘டீமன்’ என்று பெயரிட்டனர். மாக்ஸ்வெல் என்ற இயற்பியல் அறிஞர், வேகமான மூலக்கூறுகளையும் மெதுவான மூலக்கூறுகளையும் சலியாது பிரித்துக்கொண்டேயிருக்கும் ஒரு கற்பனைக் குறும்பேயைத் தம் ஆராய்ச்சியில் படைத்துக் காட்டியிருந்தார். அதனை நினைந்து இட்ட பெயரே இது. அவ்வாறு பெயர் பெற்ற முதல் நிரல், கோப்புகளையெல்லாம் காந்தநாடாவில் தானே படியெடுத்து வைத்த நிரலாக இருக்கவேண்டும் என்று கொர்பட்டோ பிற்காலத்தில் தெரிவித்தார். கணிப்பொறிக்குள் மனிதன் அமர்த்திய முதற்பணியாளன் படியெடுப்பவன் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியன்றோ!

பின்னர் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் தோன்றியது. 1979-இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் ‘கிரான்’ என்ற பணியாளன் இருந்தான். காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அமைந்தது இப்பெயர். பால் விக்சி என்பவர் 1987-இல் இதனைத் திருத்தமாக எழுதி வெளியிட்டார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சின் கருநிரலை வெளியிட்டபின், யூனிக்சின் வழக்கங்களோடு கிரானும் லினக்சில் வந்து குடியேறினான். தமிழ்நாட்டு மாணவர்க்கு லினக்ஸ் அயலானது அன்று. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்பது லினக்சின் ஒரு வகையே. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அதுவும் இடம்பெற்றிருந்தது.

கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தெழுவான். தன்னிடம் தரப்பட்ட பட்டியைப் பார்ப்பான். அந்த நிமிடத்தில் செய்யவேண்டிய வேலை ஏதேனும் இருந்தால் செய்வான். இல்லையேல் மீண்டும் உறங்குவான். அப்பட்டிக்குக் ‘கிரான்டேப்’ என்று பெயர். அதன் ஒவ்வொரு வரியிலும் முதற்கண் ஐந்து இடங்கள் உண்டு. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என்ற முறையில் அவை அமையும். அவற்றை அடுத்து, செய்யவேண்டிய வேலையின் கட்டளை நிற்கும். எவ்வெண்ணாயினும் ஆகுக என்பதற்கு உடுக்குறி இடவேண்டும். இரவு ஒன்பதரை மணிக்கு நாள்தோறும் படியெடுக்க வேண்டின் வரியின் முற்பகுதி இவ்வாறு அமையும்:

30 21 * * *

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு என்றால், 0 7 * * 0 என்று எழுதுக. ஞாயிற்றுக்கிழமைக்குச் சுழி குறியீடு. ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 0 7 1 * 0 என்று எழுதியவன், முதல் தேதி ஞாயிறாக வரும் நாளில் மட்டும் வேலை நடக்கும் என்று எண்ணுவான். கிரான் அவ்வாறு கொள்வதில்லை. நாளும் கிழமையும் ஒருங்கே குறிக்கப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொருந்தினும் போதும் என்பது அவன் விதி. எனவே முதல் தேதியிலும் செய்வான். எல்லா ஞாயிறுகளிலும் செய்வான். பணியாளன் சொற்படி நடப்பவன். மனத்தில் உள்ளதை அறிபவன் அல்லன்.

கிரான் தோன்றியது இரவும் பகலும் ஓயாத பெரும்பொறிகளுக்காக. இல்லத்துக் கணிப்பொறியோ படுக்கைக்குச் செல்லும்முன் நிறுத்தப்படுவது. நள்ளிரவு 2 மணிக்குப் படியெடுக்குமாறு கிரானுக்குச் சொல்லிவிட்டுப் பத்து மணிக்கே பொறியை நிறுத்தும் இல்லத்தில், அவ்வேலை ஒரு நாளும் நடவாது. தவறிய வேலையைக் கிரான் மறுநாள் தேடிச் செய்வதும் இல்லை. இக்குறையை நீக்க ‘அனகிரான்’ என்ற மற்றொரு நிரல் உண்டு. அது மணியைக் கருதாது, நாட்களையே எண்ணும். ஒரு வேலை கடைசியாக எந்நாளில் நடந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, பொறி எழுந்ததும் நாட்கணக்கைப் பார்த்து, நிலுவையில் இருப்பதைச் சற்று நேரம் பொறுத்துச் செய்துமுடிக்கும். பல லினக்ஸ் வகைகளில் இடம்பெற்றுள்ள ‘சிஸ்டம்டி’ என்ற மேலாளனும் தவறிய வேலையைப் பின்னர்ச் செய்யுமாறு அமைக்கத்தக்க நேரங்காட்டிகளைக் கொண்டுள்ளது. இல்லத்தார்க்கு ஏற்றவை இவ்விரண்டுமே.

நேரத்தை ஒருவன் காத்தால் போதாது. படியெடுக்கும் கையும் வேண்டும். அக்கை ‘ஆர்சிங்க்’ என்ற நிரல். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகிய இருவரும் 1996-இல் இதனை வெளியிட்டனர். அக்காலத்துத் தொலைபேசி இணைப்பில் செய்திகள் ஆமை வேகத்திலேயே நகர்ந்தன. ஒரு பெரிய கோப்பில் நான்கு வரிகள் மாறினாலும் கோப்பு முழுவதையும் மீண்டும் அனுப்பவேண்டியிருந்தது. டிரிட்ஜெல் இதற்கு ஒரு வழி கண்டார். பழைய கோப்பை வைத்திருக்கும் பொறி அதனைச் சிறுசிறு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து அனுப்பும். புதிய கோப்பை வைத்திருக்கும் பொறி, தன் கோப்பில் அவ்வெண்கள் எங்கெங்குப் பொருந்துகின்றன என்று தேடும். பொருந்தாத பகுதிகளை மட்டும் அனுப்பும். நூல் முழுவதையும் பெயர்த்தெழுதாமல் மாறிய அடிகளை மட்டும் கடிதத்தில் எழுதி அனுப்புவது போன்றது இது.

ஒரே வீட்டில் ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்குப் படியெடுக்கும்போது இத்துணை நுட்பம் தேவைப்படுவதில்லை. ஆர்சிங்க் ஒவ்வொரு கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் இருபுறமும் ஒப்புநோக்கும். இரண்டும் ஒத்திருந்தால் விட்டுவிடும். மாறுபட்டிருந்தால் அக்கோப்பை முழுமையாகப் படியெடுக்கும். முதல் நாள் மூன்று மணி நேரம் கொண்ட வேலை அடுத்த நாள் சில நிமிடங்களில் முடிவது இதனாலேயே.

எவற்றைப் படியெடுப்பது? இயங்குதளத்தை இணையத்திலிருந்து எந்நாளும் மீளப் பெறலாம். உலகில் வேறெங்கும் இல்லாதவை அவ்வீட்டார் எழுதியவையும் எடுத்தவையுமே. லினக்சில் அவை ‘ஹோம்’ என்ற உறையில் இருக்கும். புள்ளியை முதலெழுத்தாகக் கொண்ட கோப்புகள் அதனுள் கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்திருக்கும். மின்னஞ்சலும் செயலிகளின் அமைப்புகளும் பெரும்பாலும் அம்மறைவிடங்களில் தங்குவதால் அவற்றை விட்டுவிடலாகாது. கட்டளை எழுத அஞ்சுவார்க்குச் சாளரவழிச் செயலிகளும் உள. ஆனால் அவற்றின் இயல்பை அறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். ‘டைம்ஷிஃப்ட்’ என்ற செயலி இயங்குதளத்தைக் காப்பதற்காக எழுந்தது. தானாக விட்டால் அது ஹோம் உறையைத் தொடுவதில்லை. அதனை அமைத்துவிட்டுத் தம் படங்களெல்லாம் பத்திரம் என்று உறங்குவார் இரங்கத்தக்கவர்.

இனி, ஒரு பெரும்பிழையைச் சுட்டவேண்டும். மூலத்தில் நீங்கியது படியிலும் நீங்கவேண்டும் என்று ஆர்சிங்கைப் பணிக்கும் வழி உண்டு. அவ்வாறு பணித்தால் இரு தட்டுகளும் கண்ணாடியும் உருவமும் போல ஒத்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை மகன் அறியாமல் ஓர் உறையை அழித்துவிட்டான் என்று கொள்க. அன்றிரவே பணியாளன் வந்து படியிலுள்ள உறையையும் அழித்துவிடுவான். செவ்வாயன்று தேடினால் இரண்டிலும் இராது. ஓலையைப் பார்த்து எழுதும் புலவர், நடுவில் நான்கு ஏடுகள் இல்லையெனின் திடுக்கிட்டு எழுத்தாணியைக் கீழே வைப்பார். இப்பணியாளனோ வெற்றுறையை வெற்றுறையாகவே பெயர்த்துவைத்து, வேலை முடிந்தது என்பான். மறவாமை வேறு, அறிவு வேறு.

ஆகையால் கண்ணாடியை ஒத்த ஒற்றைப் படி போதாது. நாளிட்ட படிகள் வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் முழுப்படி எடுத்தால் தட்டு நிரம்பிவிடுமே என்ற ஐயம் எழலாம். லினக்ஸ் இதற்கு அழகிய வழி ஒன்றை வைத்திருக்கிறது. அதில் கோப்பின் பெயர் வேறு, உடல் வேறு. உடல் ஓர் எண்ணால் அறியப்படும்; அவ்வொரே உடலுக்குப் பல பெயர்கள் பல உறைகளில் இருக்கலாம். கடைசிப் பெயரும் நீங்கும்வரை உடல் அழியாது. நேற்றைய படியிலிருந்து மாறாத கோப்புக்கு இன்றைய உறையில் ஒரு பெயரை மட்டும் சேர்த்துவிட்டு, மாறிய கோப்பை மட்டும் புதிதாக எழுதுமாறு ஆர்சிங்கை அமைக்கலாம். அப்போது ஒவ்வொரு நாளுறையும் திறந்து பார்ப்பவர்க்கு முழுப்படியாகவே தோன்றும். இடமோ மாறியவற்றுக்கு மட்டுமே செலவாகும். ஏழு நாட்களுக்கு ஏழு, நான்கு வாரங்களுக்கு நான்கு, பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு என 23 உறைகளைக் காத்து, பழையவற்றை நீக்கிவருதல் பலரும் கொள்ளும் முறை. கடையில் வாங்கியபடியே இருக்கும் வெளித்தட்டுகள் பல இவ்வகைப் பன்பெயர் முறைக்கு இடந்தாரா. லினக்சுக்குரிய ‘எக்ஸ்ட்4’ முறையில் அவற்றை முதலில் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யும்போது அதில் முன்பிருந்தவை நீங்கிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

பன்பெயர் முறைக்கும் ஒரு குறை உண்டு. இருபத்துமூன்று உறைகளில் பெயர் இருந்தாலும் உடல் ஒன்றே ஆதலின், தட்டில் அவ்வுடல் இருக்கும் இடம் பழுதானால் எல்லா நாட்படிகளும் ஒருங்கே பழுதாகும். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய ‘3-2-1’ என்ற கணக்கு இங்கு நினையத்தக்கது. மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள். இரண்டு வகைக் கருவிகளில். அவற்றுள் ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்பது ஊருக்கு அப்பாலுள்ள பெருநிலையமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சிற்றப்பா வீட்டு அலமாரியும் ஆகும். வெளியிடத்தில் வைக்கும் தட்டை ‘லக்ஸ்’ போன்ற முறையால் மறைமொழியாக்கி வைத்தல் நன்று. அதன் கடவுச்சொல்லைக் கணிப்பொறிக்குள் மட்டும் எழுதிவைப்பது, பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதை ஒக்கும்.

இத்துணையும் அமைத்தபின் ஒருவன் கவலையற்று இருக்கலாமா என்றால், உண்மையான இடர் அங்கேதான் தொடங்குகிறது. கையால் படியெடுப்பவன் தவறினால் தவறியது அவனுக்குத் தெரியும். பொறியிடம் ஒப்படைத்தவனோ அதனை நினைப்பதையே விட்டுவிடுகிறான். பணியாளன் வேலையை நிறுத்திவிட்டாலும் வீட்டில் எவ்வித மாற்றமும் தோன்றாது. கணிப்பொறி வழக்கம்போல் இயங்கும். படி இல்லை என்ற செய்தி, படி தேவைப்படும் நாளில்தான் வெளிப்படும்.

1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்ற உயிரூட்டுப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். யாரோ இட்ட ஒரு நீக்கற்கட்டளையால் அப்படத்தின் கோப்புகள் கண்முன்னே ஒன்றன்பின் ஒன்றாக மறையத் தொடங்கின. படக்குழுவினர் பொறியின் மின்னிணைப்பைப் பிடுங்கினர். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப்படி இருக்கிறதே என்று அதனை நாடினர். மீட்டெடுத்துப் பார்த்தபோதுதான், படியெடுப்பு சில காலமாகவே செவ்வையாக நடவாதிருந்தது தெரிந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர் எவரும் இலர். நல்லூழாக, கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்றபின் வீட்டிலிருந்து பணிசெய்து வந்தார். அதற்காகப் படத்தின் படி ஒன்று அவர் வீட்டுக் கணிப்பொறியில் இருந்தது. அப்பொறியைப் போர்வைகளால் சுற்றி, வண்டியின் பின்னிருக்கையில் வார்ப்பட்டையால் கட்டி, மெல்ல ஓட்டிக் கொணர்ந்தனர். ஒரு பெரிய நிறுவனத்தின் உழைப்பைக் காத்தது அதன் காப்புமுறையன்று. ஒரு தாயின் வீட்டில் தற்செயலாக இருந்த படியேயாகும்.

இதனினும் தெளிவான சான்று 2017-ஆம் ஆண்டு சனவரி 31-இல் நிகழ்ந்தது. நிரலாளர்கள் தம் நிரல்களை வைத்துப் பேணும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், இரவு நேரத்தில் பழுது நீக்கிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், ஒரு பொறியில் இடவேண்டிய நீக்கற்கட்டளையை மற்றொரு பொறியில் இட்டுவிட்டார். ஓரிரு நொடியில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவிலிருந்த தரவுகளில் 4.5 ஜிகாபைட்தான் எஞ்சியது. அந்நிறுவனத்தில் காப்புமுறை ஒன்றன்று, பல இருந்தன. நாள்தோறும் தானே படியெடுத்து வேறிடத்துக்கு அனுப்பும் நிரலும் இருந்தது. சென்று பார்த்தால் அவ்விடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, படியெடுக்கும் கருவியின் பதிப்போ 9.2. இரண்டும் ஒவ்வாமையால் படியெடுப்பு நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைக் கிரான் மின்னஞ்சல் வழி அறிவித்துக்கொண்டுதான் இருந்தான். அவ்வஞ்சல்களில் உரிய சான்றுக்குறி இல்லாமையால் பெறுமிடம் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. பணியாளன் கூவினான், கேட்பார் செவிக்கு அக்குரல் எட்டவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் அப்பொறியாளரே கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நிழற்படியால் நிறுவனம் மீண்டது. அந்த ஆறு மணி நேரத்துச் செய்திகள் திரும்பவில்லை. நிறுவனத்தார் இவற்றுள் எதனையும் மறைக்காமல், நிகழ்ந்ததை முழுவதும் எழுதி வெளியிட்டனர். பிறர் கற்கும்பொருட்டுத் தம் குறையைத் தாமே விரித்துரைத்த அப்பண்பு பாராட்டத்தக்கது.

இல்லத்திலும் இவ்விடர் வேறு உருவில் வரும். லினக்சில் வெளித்தட்டைச் செருகினால், அதன் உள்ளீடு ஓர் உறையின் வழியாகத் தோன்றும். தட்டு செருகப்படாத நாளிலும் அவ்வுறை வெற்றுறையாக அங்கேயே இருக்கக்கூடும். பணியாளன் வருவான், உறையைக் காண்பான், அதனுள் எல்லாவற்றையும் படியெடுப்பான். ஆனால் அப்படி வெளித்தட்டுக்குச் செல்லாமல், மூலம் இருக்கும் அதே தட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தட்டு அடையாளமின்றி நிரம்பிவரும்போதுதான் ஐயம் பிறக்கும். இதனைத் தவிர்க்க, வெளித்தட்டினுள் ஓர் அடையாளக் கோப்பை முன்பே வைத்துவிட்டு, அக்கோப்பு கண்ணில் பட்டாலன்றி வேலையைத் தொடங்கற்க என்று கட்டளை நிரலின் முதல் வரியிலேயே எழுதவேண்டும்.

தோல்வியை மட்டும் அறிவிக்கச் சொல்வது நல்லமைப்பாகாது. பணியாளனே வாராதுபோனால் தோல்வியை யார் அறிவிப்பார்? இல்லத்துக் கணிப்பொறிகள் பலவற்றில் அஞ்சல் அமைப்பே இராமையால் கிரானின் முறையீடு எங்கும் சென்று சேர்வதும் இல்லை. ஆகலின், படியெடுப்பு இனிது முடிந்த நாளை ஒரு கோப்பில் குறிக்கச் செய்து, கணிப்பொறியைத் திறக்கும்போதெல்லாம் அந்நாள் திரையில் தோன்றுமாறு அமைத்தல் சிறந்தது. மூன்று நாட்களாக அதே தேதி நின்றால், எவரும் சொல்லாமலே குறை விளங்கிவிடும்.

இதற்கும் மேலான சோதனை ஒன்றே உண்டு. அது மீட்டெடுத்துப் பார்த்தல். திங்களுக்கு ஒருமுறை, பழைய நாளுறை ஒன்றிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை வேறோர் இடத்துக்கு எடுத்து, திறந்து படித்துப் பார்க்கவேண்டும். பெயர் இருக்கிறது என்பதோடு அமைதல் கூடாது. உள்ளே எழுத்து இருக்கிறதா என்று காணவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழு ஒத்திகை வேண்டும். வெறுமையான ஒரு தட்டில் லினக்சைப் புதிதாக நிறுவி, உறவினர் வீட்டிலுள்ள படியைக் கொணர்ந்து, அது ஒன்றையே கொண்டு எல்லாவற்றையும் மீளப் பெறமுடிகிறதா என்று பார்ப்பதே அவ்வொத்திகை. அன்றைக்குத்தான் பல குறைகள் புலப்படும். மின்னஞ்சல் இருந்த மறைவுறை விடுபட்டிருக்கும். மறைமொழித் தட்டின் கடவுச்சொல் ஒருவருக்கும் நினைவிராது. தட்டை இணைக்கும் கம்பியே காணாமற்போயிருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அன்றுதான் தெரியும். ஒரு டெராபைட் அளவுள்ள படி, நொடிக்கு 100 மெகாபைட் வீதம் நகர்ந்தால் ஏறத்தாழ 2 மணி 47 நிமிடத்தில் வந்து சேரும். பழைய யுஎஸ்பி இணைப்பில் நொடிக்கு 35 மெகாபைட்டே நகரும் எனின் எட்டு மணி நேரம் பிடிக்கும். ஒத்திகையில் கண்ட குறைகளையும், பிடித்த நேரத்தையும், மீட்கும் முறையையும், சோதித்த நாளையும் ஒரு தாளில் எழுதி, வன்தட்டின் உறைமேல் ஒட்டிவைக்க வேண்டும். அக்குறிப்பைக் கணிப்பொறிக்குள் எழுதிவைத்தால், அது தேவைப்படும் அன்று படிப்பதற்குக் கணிப்பொறி இராது.